23 வரி ஸ்ப்ரெட்ஷீட்டும் ரெண்டு ஆஃபர் லெட்டரும்

போன மாசம் ஒரு ராத்திரி அண்ணன் பொண்ணு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் அனுப்பினா. மெசேஜ் எதுவும் இல்ல, வெறும் ஃபைல் மட்டும். தொறந்து பாத்தா 23 வரி. ரேங்க், லேப், ஃபீஸ், ஹாஸ்டல், ப்ளேஸ்மென்ட், லைப்ரரி, வைஃபை வேகம், கேம்பஸ் அழகு (ஆமாங்க, அதுக்கும் தனியா ஒரு வரி) அப்படின்னு போயிட்டே இருக்கு, பக்கத்துல அவளுக்கு சீட் கிடைச்ச ரெண்டு இன்ஜினியரிங் காலேஜுக்கும் ஏ, பி-ன்னு ரெண்டு நெடுவரிசை, ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனை மார்க், அது எவ்வளவு முக்கியம்னு ஒரு வெயிட்டேஜ், கடைசியில கூட்டல். ஏ 71. பி 70. அதுக்குக் கீழ சின்னதா டைப் பண்ணிருந்தா, "சித்தப்பா, இப்ப என்ன பண்றது?"

நான் மெக்கானிக்கல் முடிச்சு 16 வருஷம் ஆச்சு, அதனால குடும்பத்துல யாருக்கு காலேஜ் டவுட் வந்தாலும் கடைசியில என் தலையிலதான் வந்து விடியும். சரின்னு ஃபைலோட வெர்ஷன் ஹிஸ்டரிய தொறந்து பாத்தேன். அங்கதான் விஷயமே இருக்கு. வைஃபைக்கு குடுத்த வெயிட்டேஜ் மட்டும் ஆறு தடவை மாறிருக்கு. பி முன்னாடி வந்த ஒவ்வொரு தடவையும் எதையாவது கூட்டிக் கொறச்சு ஏ-வ ஒரு மார்க் மேல தூக்கி வச்சிருக்கா. "உனக்கு ஏ-தான் பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டேன். "ஐயோ இல்ல சித்தப்பா, நான் நியூட்ரல்"னா. சரி, இருக்கட்டும்.

ரெண்டும் என்னன்னு சொல்லிடறேன், பேர் வேணாம். ஏ பெரிய யூனிவர்சிட்டி, பேரச் சொன்னா யாரா இருந்தாலும் ஒரு தடவை தலையாட்டுவாங்க. அங்க முதல் வருஷம் எல்லா இன்ஜினியரிங் பசங்களும் ஒண்ணா படிக்கணும், அதுக்கப்புறம்தான் மார்க்க வச்சு ப்ராஞ்ச் குடுப்பாங்க. பி சின்னது, அவ்வளவா பேர் கிடையாது, ஆனா நேரடியா எலக்ட்ரிக்கல் சீட் குடுத்துட்டாங்க, கூடவே கோ-ஆப், அதாவது ஒரு செமஸ்டர் படிப்பு ஒரு செமஸ்டர் கம்பெனியில சம்பளத்தோட வேலைன்னு மாத்தி மாத்தி போகும். பதில் சொல்ல 11 நாள் டைம். அண்ணன் ஃபோன்ல, "டேய், பேர் உள்ள இடத்துக்கே போகச் சொல்லுடா, இதுல யோசிக்க என்ன இருக்கு"ன்னாரு. அண்ணி அவர்கிட்டருந்து ஃபோன வாங்கி, "நீங்க உண்மையச் சொல்லுங்க தம்பி, எதுவா இருந்தாலும் பரவால்ல"ன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள பி-தான். காரணம் என் சொந்தக் கதை.

நான் சேரும்போது ரேங்க் லிஸ்ட்ட மட்டும் பாத்து கண்ண மூடிட்டு சேந்தவன். யூனிவர்சிட்டி நல்ல யூனிவர்சிட்டிதான், ஆனா நான் சேந்த ப்ரோக்ராம் புதுசு, அதுக்கு அப்ப அக்ரெடிட்டேஷனே கிடையாது, அதாவது தரம் பாத்து ஒரு வெளி அமைப்பு குடுக்கற அங்கீகாரம், அது எனக்குத் தெரியவும் தெரியாது, யாரும் சொல்லவும் இல்ல. வேலையில சேந்து அஞ்சு வருஷம் கழிச்சு வேற நாட்டுல ப்ரொஃபஷனல் இன்ஜினியரா பதிவு பண்ணலாம்னு அப்ளை பண்ணப்பதான் தெரிஞ்சுது. ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் குடு, எத்தனை மணி நேரம் லேப் பண்ணேன்னு குடு, எல்லாத்துலயும் டிபார்ட்மென்ட் சீல் வாங்கிட்டு வான்னு சொல்லிட்டாங்க. நான் படிச்சப்ப இருந்த சிலபஸ் காப்பி டிபார்ட்மென்ட்லயே இல்ல. எட்டு மாசம் அலைஞ்சேன். என்கூட அதே வருஷம் அதே யூனிவர்சிட்டியில சிவில் முடிச்சவன் ஒரே ஒரு சர்டிஃபிகேட்ட நீட்டிட்டு போயிட்டே இருந்தான். ஏன்னா சிவிலுக்கு இருந்துச்சு.

இத நெறைய பேர் கவனிக்க மாட்டாங்க. அக்ரெடிட்டேஷன்னு ஒண்ணு இன்ஜினியரிங்ல பெரும்பாலும் ப்ரோக்ராமுக்குத்தான், மொத்த யூனிவர்சிட்டிக்கு இல்ல. 1989-ல ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கான்னு ஆறு நாட்டு அமைப்புங்க சேந்து வாஷிங்டன் அக்கார்டுன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அப்புறம் நெறைய நாடுங்க உள்ள வந்துச்சு, இந்தியா 2014-ல முழு உறுப்பினர் ஆச்சு. இதுல இருக்கற ஒரு நாட்டு அமைப்பு அங்கீகாரம் குடுத்த இன்ஜினியரிங் ப்ரோக்ராம மத்த நாட்டு அமைப்புங்களும் சமமா ஏத்துக்கும், அதான் சாராம்சம். லைசென்ஸ் தானா கிடைச்சுடாது, அதுக்கு பரீட்சை அனுபவம் எல்லாம் தனி, ஆனா படிப்பு செல்லுமா செல்லாதாங்கற சண்டை இருக்காது. பேர்ல "இன்ஜினியரிங் டெக்னாலஜி"ன்னு இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும், அது வேற வகைப் படிப்பு, அதுக்கு 2001-ல வந்த சிட்னி அக்கார்டுன்னு தனி ஒப்பந்தமே இருக்கு. மட்டம்னு சொல்லல, ரெண்டும் ஒண்ணு இல்லன்னு சொல்றேன். புது ப்ரோக்ராம்னா இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவோட ஏபெட் மாதிரி அமைப்புங்க ஒரு பேட்ச்சாவது படிச்சு வெளிய வராம அங்கீகாரம் குடுக்காது. அதனால "சீக்கிரமே கிடைச்சுடும்"னு ப்ரோஷர்ல போட்டிருந்தா அதுக்கு முதல் பேட்ச் எப்ப முடிக்கிறாங்கன்னு கேளுங்க.

அவகிட்ட சொன்னேன், ஸ்ப்ரெட்ஷீட்ட மூடி வச்சுட்டு மொதல்ல அந்தந்த அமைப்போட சைட்ல போய் ப்ரோக்ராம் பேர எழுத்துக்கு எழுத்து தேடு, யூனிவர்சிட்டி சைட்ல பாக்காதன்னு. பத்து நிமிஷத்துல வந்தா. ரெண்டுலயும் எலக்ட்ரிக்கலுக்கு இருக்காம். அப்பாடா, ஒரு பூதம் போச்சு.

அடுத்து ரேங்க். அவ லிஸ்ட்ல ரேங்குக்கு 15 வெயிட்டேஜ். நான் கேட்டேன், அந்த ரேங்க எதை வச்சு போடறாங்கன்னு தெரியுமான்னு. தெரியாதுன்னா. உலக யூனிவர்சிட்டிங்கள வரிசைப்படுத்தற க்யூஎஸ் ரேங்கிங்ல 30 சதவீதம் அகாடமிக் ரெப்யூடேஷன், அதாவது மத்த புரொஃபசர்ங்ககிட்ட சர்வே அனுப்பி எது நல்ல இடம்னு கேக்கறது. 2024 எடிஷனுக்கு முன்னாடி அது 40 சதவீதமா இருந்துச்சு. ஒரு வாத்தியாருக்கு எத்தனை பசங்கங்கற கணக்கு 20-லருந்து 10 ஆயிடுச்சு. ஷாங்காய் ரேங்கிங்னு 2003-லருந்து வர்ற ஒண்ணு இருக்கு, அதுல நோபல், கணக்குக்குக் குடுக்கற ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினவங்க வேலை பாக்கறாங்களான்னு 20 சதவீதம், அங்க படிச்சவங்க வாங்கிருக்காங்களான்னு இன்னொரு 10. எனக்கு இதுல எந்தக் கோவமும் இல்ல, ஆராய்ச்சிய அளக்கறதுக்கு அது சரியாவே இருக்கலாம். ஆனா நோபல் வாங்கின மனுஷன் வந்து உனக்கு ரெண்டாவது செமஸ்டர் சர்க்யூட் தியரி டுட்டோரியல் எடுக்கப் போறதில்லல்ல. ரேங்க் பாத்தே ஆகணும்னா சப்ஜெக்ட் வாரியா வர்ற ரேங்கயாவது பாரு, 40-வது இடத்துக்கும் 60-வது இடத்துக்கும் வித்தியாசம் பாத்து மண்டைய உடைச்சுக்காதன்னு சொன்னேன். 15-அ 4 ஆக்கினா. பி முந்திடுச்சு. ஃபோன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

ப்ளேஸ்மென்ட் பத்தி ரொம்ப பேச வேணாம்னு நெனைக்கிறேன், ஏன்னா அங்க சராசரின்னு போட்டு ஏமாத்தறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பத்து பேருல ஒன்பது பேருக்கு சம்பளம் 4, ஒருத்தனுக்கு 44-ன்னா சராசரி 8 வரும், மீடியன், அதாவது வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற சம்பளம், 4-தான். மீடியன் கேளுங்க, டிபார்ட்மென்ட் வாரியா கேளுங்க, "95 சதவீதம்"னு சொன்னா எதுல 95-ன்னு கேளுங்க, ப்ளேஸ்மென்ட்டுக்கு பேர் குடுத்தவங்கள்லயா மொத்த பேட்ச்லயா.

பேர் பெத்த இடத்துக்குப் போனாதான் பின்னாடி சம்பளம் வரும்னு அண்ணன் சொன்னதுக்கும் ஒரு பதில் இருக்கு. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 1976-ல அமெரிக்காவுல காலேஜ் சேந்தவங்கள வச்சு பண்ணது. கஷ்டமான காலேஜ்ல சீட் கிடைச்சும் அத விட்டுட்டு கொஞ்சம் சாதாரண காலேஜுக்குப் போனவங்களும், அங்கயே போய் சேந்தவங்களும் பின்னாடி சம்பாதிச்சது கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு அதுல வந்துச்சு. வசதி கம்மியான குடும்பத்துப் பசங்களுக்கு மட்டும் அந்த காலேஜால நல்ல பலன் இருந்துச்சு. இத அண்ணன்கிட்ட சொன்னா, "அது அமெரிக்காடா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. அதுவும் நியாயம்தான், பழைய டேட்டா வேற.

நான் உண்மையிலயே அவள பாக்க வச்சது மூணாவது வருஷ டைம்டேபிள. முதல் வருஷம் உலகத்துல எங்க போனாலும் அதே கணக்கு, அதே ஃபிசிக்ஸ், கொஞ்சம் ப்ரோக்ராமிங், கொஞ்சம் ட்ராயிங். பாதை பிரியறது அஞ்சாவது ஆறாவது செமஸ்டர்லதான். அதுலயும் சிலபஸ் புத்தகத்தப் பாக்கக் கூடாது, போன ரெண்டு வருஷம் நெஜமாவே என்ன நடந்துச்சுன்னு டைம்டேபிள எடுத்து பாக்கணும். பி-யோட புத்தகத்துல எலக்ட்ரிக்கலுக்கு 14 எலெக்டிவ், அதாவது நாமளே தேர்ந்தெடுக்கற பாடம், இருந்துச்சு. டைம்டேபிள்ல அஞ்சு. அவ ஆசைப்பட்ட பவர் எலக்ட்ரானிக்ஸ் ரெண்டு வருஷமா நடக்கவே இல்ல, ஏன்னு மெயில் போட்டு கேட்டா, எடுத்துட்டிருந்தவர் ரிட்டயர் ஆயிட்டாரு, ஆள் தேடறோம்னு மறுநாளே ஒளிக்காம பதில் வந்துச்சு. அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிச்சுது. ஏ-வுக்கும் இதே மாதிரி ஒரு மெயில் போட்டா. நாலு நாள் கழிச்சு ப்ரோஷர் லிங்க் வந்துச்சு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எத்தனை க்ரெடிட்னும் பாருங்க. ஐரோப்பாவுல இதுக்கு ஒரு பொது அளவு இருக்கறது வசதி, வருஷத்துக்கு 60 க்ரெடிட், ஒரு க்ரெடிட்னா 25-லருந்து 30 மணி நேர உழைப்பு. அப்ப 15 க்ரெடிட் ப்ராஜெக்ட்னா குறைஞ்சது 375 மணி நேரம் நீ ஒரு விஷயத்தோட மல்லுக்கட்டணும்னு அர்த்தம். அந்தக் கணக்கு இல்லாத இடத்துலயும் ஒரு செமஸ்டரா முழு வருஷமா, தனியாவா நாலு பேரோடயான்னு கேட்டா தெரிஞ்சுடும்.

அப்புறம் நேர்ல போய் பாக்கறது. ஓப்பன் டே அன்னிக்கு போகாதீங்க, அன்னிக்கு எல்லா லேபும் மாப்பிள்ளை மாதிரி நிக்கும். சாதாரண புதன்கிழமை மத்தியானம் போங்க. நானும் அவளும் ரெண்டு இடத்துக்கும் போனோம்.

பி-யில எலக்ட்ரானிக்ஸ் லேப் சின்ன ரூம். சிக்னல ஸ்க்ரீன்ல அலையா காட்டற ஆசிலோஸ்கோப் எல்லாம் பழசு, டைம் பேஸ் நாபுக்குப் பக்கத்துல அச்சடிச்ச எழுத்து கை பட்டு பட்டு அழிஞ்சு போயிருக்கு. ப்ரோப்ல க்ரவுண்ட் க்ளிப் உடைஞ்சத டேப் சுத்தி வச்சிருக்காங்க. சுவத்துல ஒரு தாள், எந்த மெஷின் எப்ப ரிப்பேர் ஆச்சு எப்ப சரியாச்சுன்னு தேதியோட, பால்பாயின்ட் பேனாவுல. அத எழுதறது லேப் டெக்னீஷியன். அவர்கிட்ட பேசினோம். (புரொஃபசர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி டெக்னீஷியன்கிட்ட பேசுங்க, எந்த மெஷின யார் தொடறாங்கன்னு அவருக்குத்தான் தெரியும்.) பசங்க வாரத்துல ரெண்டு நாள் சாயந்தரம் ஃப்ரீயா வந்து பண்ணிக்கலாம்னாரு. எனக்கு மனசுல பி-க்கு டிக் போட்டாச்சு.

ஏ-வுல லேப் பளபளன்னு இருந்துச்சு, வரிசையா புது ஆசிலோஸ்கோப், ஒவ்வொண்ணும் பெரிய டிஸ்ப்ளே. அண்ணன் பொண்ணு கிட்ட போய் ஒண்ணோட ஓரத்த நகத்தால தொட்டுப் பாத்துட்டு என்னத் திரும்பிப் பாத்தா. ஸ்க்ரீன் மேல ஃபேக்டரியில ஒட்டின ப்ளாஸ்டிக் ஃபிலிம் இன்னும் உரிக்கவே இல்ல. வாங்கி ஒரு வருஷமாச்சுன்னு கூட்டிட்டுப் போனவர் பெருமையா வேற சொன்னாரு. நான் கண்ணாலயே "பாத்தியா"ன்னேன்.

ஆனா வெளிய வரும்போது பக்கத்துல இன்னொரு கதவு தொறந்திருந்துச்சு. ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட் ரூம், டூர்ல அது இல்ல. சால்டரிங் புகை வாசனை. மூலையில குப்பைத்தொட்டி நெறைய கருகின சர்க்யூட் போர்டு, அறுத்த அலுமினியத் துண்டு, பாதியில நின்னுபோன த்ரீ-டி ப்ரிண்ட் நூடுல்ஸ் மாதிரி சிக்கிக் கெடக்கு. ஒரு பையன் மேசையில தலைய வச்சு தூங்கிட்டிருந்தான், பக்கத்துல மோட்டார் கன்ட்ரோலர் ஒண்ணு தொறந்து கெடக்கு. நாங்க வந்த சத்தத்துல எழுந்தான். இவ கேட்டா, "முதல் வருஷத்துலயே இங்க வரலாமா?" அவன் கண்ணக் கசக்கிட்டு "நான் முதல் வருஷம்தான்"னு சொல்லிட்டு மறுபடி தலைய சாச்சுட்டான்.

திரும்பி வர்ற வழியெல்லாம் இவ எதுவுமே பேசல.

நான் விடல. வந்ததும் கோ-ஆப் பத்தி ஆரம்பிச்சேன். இந்த முறைய 1906-ல சின்சினாட்டி யூனிவர்சிட்டியில ஹெர்மன் ஷ்னைடர்னு ஒருத்தர் 27 பசங்கள வச்சு ஆரம்பிச்சாரு, கனடாவுல வாட்டர்லூ 1957-ல தொடங்கினப்பவே இத வச்சுதான் தொடங்குச்சு, ஒரு நூறு வருஷத்துக்கு மேல ஓடற விஷயம், சும்மா ஒரு இன்டர்ன்ஷிப் மாதிரி நெனைக்காத, படிப்பு முடியறப்ப கையில வேலை அனுபவம் இருக்கும், வேலை பாக்கற செமஸ்டர்ல வர்ற சம்பளத்துல பாதி ஃபீஸ் கட்டலாம்னு மூச்சு விடாம சொன்னேன். ஒரு வருஷம் கூட ஆகும், அதயும் சொன்னேன். கம்பெனிய யூனிவர்சிட்டி புடிச்சுக் குடுக்குமா நீயே தேடணுமான்னு கேட்டுக்க, அதுலதான் எல்லாமே இருக்குன்னும் சொன்னேன். அடுத்து என் பெரிய அஸ்திரம். ஏ-வுல முதல் வருஷ முடிவுல மார்க் கொஞ்சம் கொறஞ்சா எலக்ட்ரிக்கல் கிடைக்காம வேற ஏதோ ப்ராஞ்ச்ல தள்ளிடுவாங்க, அப்ப பேர் இருந்து என்ன பண்றது, பிடிக்காத ப்ராஞ்ச்ல மூணு வருஷமா? அதுக்கு பேர் இல்லாத இடத்துல பிடிச்ச ப்ராஞ்ச் மேல்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டா. நான் பண்ணாத ஒரு வேலைய பண்ணிருந்தா. ஏ-வுல ப்ராஞ்ச் ஒதுக்கின லிஸ்ட் மூணு வருஷத்துக்கு பப்ளிக்காவே இருந்திருக்கு, கடைசியா சீட் வாங்கினவங்க மார்க்கோட. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் அடிதடி. எலக்ட்ரிக்கல்ல மூணு வருஷமும் சீட் மீந்து போயிருக்கு. பாஸ் ஆனா போதும், கேட்டா குடுப்பாங்க. "நீங்க சொன்ன பயம் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணுங்கறவங்களுக்கு சித்தப்பா, எனக்கு இல்ல"ன்னா. என்ன பதில் சொல்றது. நான் அந்த லிஸ்ட்ட தேடிப் பாக்கணும்னு கூட நெனைக்கல, எல்லாரும் சொல்ற மாதிரி காமன் ஃபர்ஸ்ட் இயர்னா ரிஸ்க்னு நானும் ஒப்பிச்சிருக்கேன்.

அப்புறம் கொஞ்சம் தயங்கிட்டு சொன்னா, "எனக்கு எலக்ட்ரிக்கல்தான் வேணும்னு எனக்கே நூறு சதவீதம் தெரியாது. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் பிடிச்சுது, அவ்வளவுதான். மெட்டீரியல்ஸ்னு ஒரு ப்ராஞ்ச் இருக்கறதே அந்த டைம்டேபிள பாக்கறப்பதான் தெரியும். பி-யில போனா முதல் நாளே முடிவாயிடுது, ஏ-வுல ஒரு வருஷம் இருக்கு." 17 வயசுல நான் மெக்கானிக்கல் எடுத்தப்ப என்கிட்ட இந்த சந்தேகம் கூட இல்ல. சந்தேகம் இருந்திருந்தா தேவலாம்.

அப்ப ஃபிலிம் உரிக்காத ஆசிலோஸ்கோப்புக்கு என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன். "நான் உரிச்சுக்கறேன்"னா.

பி ஸ்காலர்ஷிப் குடுத்திருந்தாங்க, அத விடறது அண்ணனுக்கு கொஞ்சம் வலிச்சுது (பேர் உள்ள இடம்னு மொதல்ல குதிச்சவரே அவர்தான்). ஆனா லெட்டர உத்துப் படிச்சா ஒவ்வொரு வருஷமும் ஒரு குறிப்பிட்ட க்ரேடுக்கு மேல வாங்கினாதான் தொடரும், ஒரு தடவை கொறஞ்சா போச்சு, திரும்பக் கிடைக்காது. ஸ்காலர்ஷிப் லெட்டர்ல முதல் பக்கத்துல தொகை இருக்கும், நிபந்தனை மூணாவது பக்கத்துல இருக்கும். நாலு வருஷத்துக்கும் கிடைக்கும்னு ஒரு கணக்கு, முதல் வருஷத்தோட நின்னுடும்னு ஒரு கணக்குன்னு ரெண்டையும் போட்டுக் காட்டினேன், ரெண்டாவத வச்சுப் பாத்தா வித்தியாசம் அவ்வளவு பெருசா இல்ல.

பத்தாவது நாள் ராத்திரி ஏ-வுக்கு ஓகே சொல்லிட்டா. அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா பதினோரு மணிக்கு ஃபோன். "பி-க்கு வேணாம்னு எப்படி சித்தப்பா எழுதறது? பாவமா இருக்கு." ஒரு மணி நேரமா மூணு வரி எழுதி எழுதி அழிச்சிருக்கா. காரணம் சொல்ல வேணாம், நன்றி சொல்லு, ஆனா இன்னிக்கே அனுப்பு, வெயிட்டிங் லிஸ்ட்ல உன்ன மாதிரியே யாரோ இன்பாக்ஸ ரெஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருப்பாங்கன்னு சொன்னேன். அனுப்பினா. காலையில எட்டு மணிக்கெல்லாம் பி-லருந்து பதில், வாழ்த்துகள்னு ரெண்டு வரி, கீழ பவர் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆள் கிடைச்சாச்சுன்னு ஒரு வரி.

ஹாஸ்டல் பத்தி ஏ-வுக்கு இவ போட்ட மெயிலுக்கு இத எழுதற வரைக்கும் பதில் இல்ல.